நின்றும் இருந்தும் கிடந்தும்: அடையாற்றங்கரை யோகம்

அசோக் நகரை விட்டுத் தெற்கே புறப்படும் மெட்ரோ ரயில், அடையாற்றைக் கடந்து ஈக்காட்டுத்தாங்கலில் வந்து நிற்கிறது. உயர்ந்த தூண்களின் மேல் அமைந்த நிலையம் அது. இறங்குவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சாலையோரத்துக் கண்ணாடி மாளிகைகளை நோக்கி விரைகிறார்கள். படிகளில் தாவி இறங்கும் அவர்களுக்கு நடுவே, கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் ஊன்றி இறங்கும் முதியவர்களும் உண்டு. லிஃப்ட் எந்தப் பக்கம் என்று விசாரித்துச் செல்வோரும் உண்டு. மூன்று வழியாக வந்தாலும் சேருவது ஒரே வாசலுக்குத்தான்.

ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. தாங்கல் என்பது ஏரியைக் காட்டிலும் சிறிய நீர்நிலை. மழைக்காலத்து நீரைத் தாங்கி வைத்திருந்து, கோடையில் வயலுக்குக் கொடுப்பது அதன் பணி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், பறவைகளுக்குப் பேர்போன வேடந்தாங்கல் என்று தொண்டை மண்டலம் முழுவதும் இந்தப் பெயர் விரவிக் கிடக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் இன்று வயல் இல்லை. தொழிற்கூடங்களும் அலுவலகங்களும் நெருக்கமான குடியிருப்புகளுமே உள்ளன. ஆனால் நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது இப்பகுதித் தெருக்களில் புகுந்த வெள்ளத்தை இங்குள்ளவர்கள் இன்றும் தேதி சொல்லிப் பேசுகிறார்கள். தாங்கல் என்ற சொல்லுக்குத் தாங்குதல் என்ற பொருளும் உண்டு. ஒன்றை விழாமல் பிடித்துக்கொள்வதும் தாங்கல்தான்.

நூறடிச் சாலையின் இரைச்சலை விட்டு உள்தெரு ஒன்றில் திரும்பினால், சென்னையின் எந்தப் பகுதியிலும் காணக்கூடிய காட்சியே இங்கும் கண்ணில் படுகிறது. சிறிய கோயில். சங்கடஹர சதுர்த்தி மாலை. அருகம்புல் மாலையும் அபிஷேகப் பால் மணமுமாக மண்டபம் நிறைந்திருக்கிறது. சுவரோரமாக ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் அமர்ந்திருப்பவர்கள் எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, இன்னொருவருக்கு இடுப்பு, வேறொருவருக்குத் தலைசுற்றல். அவர்கள் முகத்தில் பக்தியோடு சிறு கூச்சமும் கலந்திருக்கிறது. பகவான் சந்நிதியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். கீழே விழுந்து நமஸ்கரித்து எத்தனை வருஷங்கள் ஆயின என்ற கணக்கு.

இதே மனிதர்களிடம் மருத்துவர் யோகாசனம் பழகச் சொன்னால், பதில் தயாராக இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒருவர் வேண்டும், சம்மணமே போட முடியாதவனுக்குப் பத்மாசனம் எதற்கு, அதெல்லாம் வளைகிற வயதில் செய்ய வேண்டியது என்பார்கள். கோயிலில் நமஸ்காரம் கைநழுவிப் போயிற்று; வீட்டில் யோகம் கைக்கு எட்டவேயில்லை. உடம்பு ஒத்துழைக்காதபோது இரண்டு கதவுகளும் சாத்திக்கொண்டதாக அவர்கள் நினைக்கிறார்கள்.

அந்தக் கதவுகளை யாரும் சாத்தவில்லை என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈக்காட்டுத்தாங்கலைத் தொட்டுச் செல்லும் இதே ஆற்றின் வழியே மேற்கே கொஞ்சம், கிழக்கே கொஞ்சம் போனால் போதும்.

மேற்கே, ஆறு வரும் திசையில், பல்லாவரத்தை அடுத்து இருக்கிறது திருநீர்மலை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததால், திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பின்பே பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. இத்தலத்தின் தனிச்சிறப்பு, எம்பெருமான் ஒரே திருத்தலத்தில் நான்கு கோலங்களில் எழுந்தருளியிருப்பது. மலையடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளாக நின்ற கோலம். மலைமேல் சாந்த நரசிம்மராக இருந்த கோலம், அரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்த பெருமாளாக நடந்த கோலம். கிடந்த கோலத்தைச் சேவிக்கும் பக்தர் எவரும், நின்ற கோலத்தைவிட இது ஒருபடி குறைவு என்று எண்ணியதில்லை. நிற்பதும் அமர்வதும் சாய்ந்து கிடப்பதும் அங்கே சமமான திருக்கோலங்கள். மனிதர்கள்தாம் நாற்காலியையும் கட்டிலையும் தோல்வியின் அடையாளமாக்கி வைத்திருக்கிறார்கள்.

சிவாலயங்களிலும் இதே செய்தி வேறு வடிவில் காணக் கிடைக்கிறது. தென்முகக் கடவுளான தட்சிணாமூர்த்தி, யோகத்தையும் ஞானத்தையும் உபதேசிக்கும் ஆதிகுரு. கல்லாலின் கீழ் அவர் அமர்ந்திருக்கும் வழக்கமான கோலத்தில் ஒரு கால் மடங்கியிருக்கிறது. மற்றொரு கால் கீழே தொங்கி முயலகன் மேல் ஊன்றியிருக்கிறது. யோக நரசிம்மரின் திருமேனியையும் சபரிமலை ஐயப்பனின் திருவுருவையும் கூர்ந்து நோக்கினால், முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருப்பது தெரியும். யோகபட்டம் என்பது அதன் பெயர். நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கக் கால்களைத் தாங்கிக் கொடுப்பது அந்தப் பட்டைதான். தவசிகள் அக்குளில் வைத்துக் கையைச் சார்த்திக்கொள்ளும் யோக தண்டமும் அப்படிப்பட்டதே. தாங்குகோல் இல்லாத யோகம்தான் உயர்ந்த யோகம் என்றால், சிற்பிகள் அந்தப் பட்டையைக் கல்லில் இத்தனை சிரத்தையாகச் செதுக்கியிருக்க மாட்டார்கள்.

நமஸ்காரத்துக்கும் படிகள் உண்டு. சைவ நூல்கள் எட்டு அங்கங்களும் நிலத்தில் தோய வணங்கும் அட்டாங்க நமஸ்காரத்தைச் சொல்கின்றன. தலை, இரு கைகள், இரு முழந்தாள்கள் படிய வணங்கும் பஞ்சாங்க நமஸ்காரத்தைச் சொல்கின்றன. அத்துடன் நில்லாமல், இரு கைகளையும் தலைமேல் குவித்து வணங்கும் திரியாங்க நமஸ்காரத்தையும், தலையை மட்டும் தாழ்த்தும் ஏகாங்க நமஸ்காரத்தையும் வரிசையில் சேர்த்திருக்கின்றன. நாற்காலியில் இருந்தபடி கை உயர்த்திக் கும்பிடும் பாட்டி, விதிவிலக்கு எதையும் கேட்கவில்லை. பெயரோடு விதிக்கப்பட்ட ஒரு வணக்கத்தையே செய்கிறார்.

சரி, கோயில் ஒத்துக்கொள்கிறது. யோக சாத்திரம் ஒத்துக்கொள்கிறதா? அதற்கு ஆறு போகும் திசையில் போக வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலை விட்ட அடையாறு, காரணீஸ்வரர் எழுந்தருளியுள்ள சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் கடந்து கடலை நெருங்குகிறது. கழிமுகத்துக்குச் சற்று வடக்கே மந்தைவெளி. மயிலைக் கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இந்தப் பகுதியில், 1976-ல் தொடங்கப்பட்ட கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் இருக்கிறது. உலகெங்கும் யோகம் பயில்வோருக்கு இந்தப் பெயர் தெரியும். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது என்பது சென்னைக்கே உரிய வேடிக்கை.

திருமலை கிருஷ்ணமாசார்யர் 1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியிலுள்ள முச்சுகுந்தபுரத்தில் பிறந்தவர். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்துத் தந்த நாதமுனிகளின் வழியில் வந்த குடும்பம் அது. நாதமுனிகள் சிறந்த யோகி. அவர் அருளிய யோக ரகசியம் என்னும் நூல் காலப்போக்கில் மறைந்துபோயிற்று என்பது வைணவ மரபு. பதினாறு வயதில் கிருஷ்ணமாசார்யர் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரையாக வந்தார். அங்கே ஒரு மாந்தோப்பில் தம்மை மறந்த நிலையில், மறைந்த அந்த நூலின் சுலோகங்கள் தமக்கு ஓதப்பட்டன என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

ஆழ்வார்திருநகரியில் அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நம்மாழ்வார் பிறந்தது முதல் மற்றக் குழந்தைகளைப் போல் அழவில்லை, பாலுண்ணவில்லை, அசையவில்லை. புளியமரத்துப் பொந்தில் பதினாறு ஆண்டுகள் அப்படியே யோகத்தில் இருந்தார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. அசையாத அந்தத் திருமேனியைத்தான் வைணவ உலகம் தன் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. நாதமுனிகளுக்குப் பிரபந்தம் கிடைத்ததும் அந்தப் புளியமரத்தடியில்தான்.

வாரணாசியில் சாத்திரங்கள் கற்று, பின்னர் மானசரோவரம் பக்கத்தில் ராமமோகன பிரம்மசாரி என்னும் குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்று திரும்பிய கிருஷ்ணமாசார்யருக்கு, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவளித்தார். 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடந்தது. அங்கே பயின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். அவர்களுக்கு ஆசார்யர் கற்பித்தது, துள்ளிக் குதித்து ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்கு மாறும் வேகமான முறை. அவர்களில் பட்டாபி ஜோயிஸும், ஆசார்யரின் மைத்துனரான பி.கே.எஸ். ஐயங்காரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள். உலகம் யோகம் என்று அறிந்துகொண்டது பெரிதும் அந்த மைசூர்ச் சிறுவர்கள் கற்ற பாடத்தைத்தான். தொலைக்காட்சியில் காலைவேளையில் உடம்பை வில்லாக வளைப்பவரைப் பார்த்து, இது நமக்கு ஆகாது என்று எழுபது வயதுக்காரர் பெருமூச்சு விடுவதற்கு மூலகாரணம் இங்கே இருக்கிறது. அது இளமைக்கென்று வகுத்த பாடம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாததால், சிலர் பெருமூச்சோடு நிறுத்தாமல் தாமும் வளைந்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாடு விடுதலை பெற்ற பின் சமஸ்தானத்தின் ஆதரவு நின்றது. யோகசாலையும் 1950-ல் மூடப்பட்டது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவர், தமக்குச் சிகிச்சையளிக்கும்படி ஆசார்யரைச் சென்னைக்கு அழைத்தார். 1952 அளவில் அவர் இங்கு வந்து சேர்ந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் ஓய்வூதியத்தைக் கணக்கிடும் அந்த வயதில்தான், அவருடைய ஆசிரியப் பணியின் இரண்டாவது பகுதி தொடங்கியது. முதற் பகுதியைவிட அது ஆழமானது என்று சொன்னால் மிகையாகாது.

சென்னையில் அவரை நாடி வந்தவர்கள் மல்யுத்த வீரர்கள் அல்லர். பக்கவாதக்காரர், ஆஸ்துமாக்காரர், தூக்கமின்றித் தவிப்பவர், கருவுற்ற பெண்கள், முதியவர்கள், பிறவியிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகள். இவர்களை வரிசையில் நிறுத்தி ஒரே ஆசனத்தைச் செய்யச் சொல்ல முடியாது. ஆயுர்வேதமும் அறிந்த ஆசார்யர், வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார், மூச்சைக் கவனிப்பார், உணவு, உறக்கம், தொழில் எல்லாவற்றையும் விசாரிப்பார். அதன் பின்பே இன்னாருக்கு இன்ன பயிற்சி என்று வகுப்பார். கை முழுதும் மேலே போகாதா, போகும் வரை போகட்டும். முழங்கால் நேராக நிற்காதா, சற்று மடங்கியே இருக்கட்டும். தரையில் படுக்க இயலாதா, நாற்காலியில் இருந்து செய்யட்டும். ஆனால் அசைவோடு மூச்சு சேர்ந்தே ஓட வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. உடம்புக்கு ஏற்ப யோகத்தை மாற்று, யோகத்துக்கு ஏற்ப உடம்பை முறிக்காதே என்பதே அவருடைய போதனையின் சாரம். ஆசிரியர் தாம் விரும்புவதைக் கற்பிக்கக் கூடாது, மாணவருக்குத் தகுந்ததையே கற்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிற சமயத்தவர் வந்தால், அவரவர் இறைவனையே தியானிக்கச் சொல்வார். தாம் நெற்றியில் திருமண் துலங்க, ஆசாரம் வழுவாமல் வாழ்ந்தவர் அவர் என்பதை நினைத்தால் இந்தப் பெருந்தன்மையின் அளவு புரியும்.

இது புதுமை செய்யும் ஆசையால் வந்ததன்று. யோக ரகசியம் வாழ்க்கையைப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரமத்தைச் சொல்கிறது. வளரும் பருவத்தினருக்கு சிருஷ்டி கிரமம். அதில் ஆசனங்களே மிகுதி, துள்ளலும் வேகமும் தகும். இல்லறத்தாருக்கு ஸ்திதி கிரமம். இருப்பதைக் காத்துக்கொள்ளும் பயிற்சி, பிராணாயாமத்துக்குக் கூடுதல் இடம். முதுமைக்கு அந்திய கிரமம். அங்கே ஆசனம் சுருங்கி, ஜபமும் தியானமும் சரணாகதியும் விரிகின்றன. இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும். தலைகீழாக நிற்பது முதல் வகுப்புப் பாடம். கண்மூடி மூச்சைக் கவனித்து நாமம் சொல்வது மேல் வகுப்புப் பாடம். பதஞ்சலி மகரிஷியின் யோக சூத்திரம் 200-க்குச் சற்றுக் குறைவான சூத்திரங்களைக் கொண்டது. அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. நிலைத்திருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் அந்த மூன்றும் எந்த வடிவத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, பாதம் பதித்து, வலியின்றி அமர்ந்திருப்பவர் அந்த இரண்டையும் நிறைவேற்றிவிடுகிறார். வலியால் பல்லைக் கடித்துக்கொண்டு பத்மாசனத்தில் இருப்பவர் இரண்டாவதை இழந்துவிடுகிறார்.

ஆசார்யரின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார், பொறியியல் படித்தவர். தந்தையின் தொழிலில் அவருக்கு முதலில் நாட்டம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய நியூஸிலாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர், வெளியே வந்த ஆசார்யரை நெஞ்சாரத் தழுவிக்கொண்டார். ஆசாரம் மிக்க அந்த வீட்டில் இது நடக்கக்கூடிய காரியமா என்று மகன் திகைத்து நின்றார். விசாரித்தபோது தெரிந்தது: நெடுங்காலமாகத் தூக்கமின்றித் தவித்த அந்தப் பெண்மணி, முந்தைய இரவுதான் மாத்திரை இல்லாமல் உறங்கியிருந்தார். அந்த நன்றிதான் வாசலில் பொங்கிவிட்டது. வேலையை உதறிவிட்டுத் தேசிகாச்சார் தந்தையிடமே மாணவரானார். மந்தைவெளி யோக மந்திரத்தை நிறுவியவர் அவர்தான். 2016 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாள் 1938 ஜூன் 21. அதே ஜூன் 21 இன்று சர்வதேச யோகா தினம் என்பது தற்செயலான ஒற்றுமை.

முதல் யோகா தினம் 2015-ல் கொண்டாடப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் அதே மாதத்தின் 29-ஆம் தேதிதான். மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே ஆசனத்தைச் செய்யும் காட்சி கண்ணுக்கு விருந்து. மந்தைவெளி மரபோ அதற்கு நேர்மாறானது. ஓர் ஆசிரியர், எதிரே ஒரு மாணவர். விசாரணை முடிந்ததும், கோட்டுருவங்களாக ஆசனங்களை வரைந்து, எந்த அசைவுக்கு எந்த மூச்சு என்று குறித்து ஒரு தாள் கொடுக்கப்படும். அண்டை வீட்டாருக்கு அந்தத் தாளை இரவல் கொடுத்தால் பயனில்லை. மருந்துச் சீட்டைப் போல அது ஒருவருக்கே உரியது.

ஆசார்யரின் மைத்துனர் ஐயங்காரும் தம் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. இளமையில் காசநோயாலும் மலேரியாவாலும் நலிந்த உடம்பு அவருடையது. 1975-ல் புணேயில் அவர் அமைத்த நிலையத்தில், சுவரில் கட்டிய கயிறு, மரக்கட்டை, பட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் ஆசனக் கருவிகளாயின. நரசிம்மர் முழங்காலில் இருந்த யோகபட்டம் இருபதாம் நூற்றாண்டில் இப்படி மறுபடி வந்தது.

இவை எல்லாவற்றையும்விட முதியவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏறத்தாழத் தொண்ணூற்றாறு வயதில் கிருஷ்ணமாசார்யர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். (அது அவருடைய தீர்மானம், இன்றைய முதியவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை, மருத்துவர் சொற்படி நடப்பதே நன்று.) ஆனால் அதன் பின் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. இமயச் சாரலில் கற்றவர், அரண்மனையில் ஆசன வித்தை காட்டியவர், படுக்கையில் கிடந்தபடியே செய்யத்தக்க ஒரு பயிற்சியைத் தமக்கென்று வகுத்துக்கொண்டார். தமக்குத் தாமே மாணவராகி, உடம்பில் அன்று எது அசையுமோ அதை மூச்சோடு சேர்த்து அசைத்தார். ஜபமும் பூஜையும் நிற்கவில்லை. நூறாவது பிறந்த நாளையும் கண்ட பிறகே, 1989 பிப்ரவரி 28 அன்று பரமபதம் அடைந்தார். திருநீர்மலையின் கிடந்த கோலம் இங்கே நினைவுக்கு வராமல் இராது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இனி எதற்கும் நாற்காலியே போதும் என்று சாய்ந்துவிடுவதும் தவறு. ஆசார்யர் கண்டிப்புக்குப் பேர்போனவர். முடிந்ததைச் செய்யாமல் விடுவதை அவர் ஒருபோதும் பொறுத்ததில்லை. பயிற்சியை உடம்புக்கு ஏற்ப வெட்டித் தைக்கலாம். தைத்ததைத் தினமும் உடுத்த வேண்டும்.

நாற்காலியில் தொடங்க விரும்புவோர்க்குச் சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி வேண்டும். அதன் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். பாதங்கள் தரையில் முழுதும் பதிய வேண்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை உள்ளிழுத்தபடி இரு கைகளையும் மெல்ல மேலே கொண்டுசெல்வது, வெளிவிட்டபடி இறக்குவது. ஆறு முறை போதும். கை காதை எட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்து ஒரு காலை மூச்சோடு நீட்டி மடக்குவது, பின் மற்றக் கால். பிறகு கணுக்காலைச் சுழற்றுவது. கடைசியில் கண்மூடி, வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீளும்படி பன்னிரண்டு மூச்சுகள். ஒவ்வொரு வெளிமூச்சிலும் இஷ்ட தெய்வத்தின் நாமத்தை மனத்துக்குள் சொல்லலாம். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்கக் கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்களும், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் தலை தாழும்படி குனியக் கூடாது. எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். முழங்கால் மாற்றியவர்கள் வஜ்ராசனத்தை மறந்துவிடலாம். எதற்கும் முன் தம்முடைய மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஈக்காட்டுத்தாங்கலில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் அரும்பாக்கம். அங்கே அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தகுதி பெற்ற மருத்துவர்களின் ஆலோசனையை அங்கே பெறலாம்.

மந்தைவெளியிலிருந்து திரும்பும் வழியில் கபாலீஸ்வரரைத் தரிசிப்பவர்கள், பிராகாரத்தில் அறுபத்துமூவரின் வரிசைக்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம். சிவாலயங்களில் நாயன்மார்கள் கைகூப்பி நிற்கும் அந்த நீண்ட வரிசையில் காரைக்கால் அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பது மரபு. எலும்பும் தோலுமான வடிவத்தைத் தாமே கேட்டுப் பெற்றவர், கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியவர். ஈசனே அம்மையே என்று அழைத்த அந்த மூதாட்டிக்குச் சந்நிதியில் ஆசனம் உண்டு.

ஈக்காட்டுத்தாங்கல் உள்தெருக் கோயிலில் இப்போது அர்ச்சனை முடிந்து திரை விலகுகிறது. மணி ஒலிக்கிறது. முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே பிள்ளையாரின் திருமுகம் தெரிகிறது. சுவரோர நாற்காலிகளில், குளிர்ந்த மூச்சு ஒன்று உள்ளே போகக் கைகள் மெல்ல உயர்கின்றன. சில நெற்றி வரை. சில தலைக்கு மேலே. ஒரு பாட்டியின் இடக்கை தோளுக்கு மேல் ஏறவில்லை. வலக்கை அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. குருக்கள் சூடத்தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாற்காலி வரிசையின் முன் குனிந்து நீட்டுகிறார்.